கையில் தூக்கிப் பார்த்து வாங்கிய டிஸ்க்

என் குரலுக்குப் பின்னால் ஓர் எலி உட்கார்ந்துகொண்டு எதையோ கொறிக்கிறது என்று ஒலி நூலகத்து அதிகாரி போனில் சொன்னபோது எனக்குக் கோபம் வரவில்லை. என் குரலுக்குப் பின்னால் ரயில் எஞ்சினே கத்தியிருக்கிறது, எலி எம்மாத்திரம்! வேலைக்குப் போன காலமெல்லாம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவள் நான். உலகத்தில் பாதிப் பேருக்கு, அவர்களுடைய வண்டி தாமதம் என்ற செய்தியைச் சொன்னது என் வாய்தான். மீதிப் பாதிப் பேர் வண்டியைக் கோட்டைவிட்டு மூச்சிரைக்க ஓடி வந்தவர்கள். வண்டி போய்விட்டது என்று அவர்களுக்குச் சொன்னதும் இதே வாய்தான். இத்தனை கோடிப் பேர் திட்டியும் ஒருவர்கூட என் முகத்தைப் பார்த்ததில்லை. இதைவிடப் பத்திரமான புகழ் வேறு உண்டா?

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் குரலை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. வீட்டிலேயே, "கனிவான கவனத்திற்கு, குளியலறை இன்னும் சற்று நேரத்தில் காலியாகும்" என்று அறிவித்துப் பார்த்தேன். வரவேற்பு இல்லை. அப்போதுதான் பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களைப் படித்துப் பதிவுசெய்து தர ஆள் வேண்டும் என்று ஒலி நூலகம் கேட்டது. மாதிரிக்கு ஓர் அத்தியாயம் படித்து அனுப்பினேன். வந்தது எலிப் புகார்.

"அம்மா, உங்க குரல் நல்லாருக்கு" என்றார் அதிகாரி. "ஆனா பின்னாடி கிர்ர்ருன்னு ஒரு சத்தம். நடுநடுவுல டக்கு டக்குன்னு. கதாநாயகி அழுற இடத்துல பக்கத்துல யாரோ வேர்க்கடலை உடைக்கிற மாதிரி இருக்கு. கேக்கறவங்களுக்குக் காதுதானம்மா எல்லாம்."

"மறுபடி படிச்சு அனுப்பட்டுமா?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்புங்க. பெரிய நாவல் ஒண்ணு காத்துக்கிட்டிருக்கு. உங்களுக்குத் தரலாம்னுதான் நெனைக்கிறேன். சரியா வரலேன்னா இன்னொருத்தங்க இருக்காங்க, அவங்ககிட்ட போயிடும்."

"யாரு அந்த இன்னொருத்தங்க?"

"விமான நிலையத்துல அறிவிப்பாளரா இருந்தவங்க."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. விமான நிலையமாம்! குளிரூட்டிய கூடத்தில், நாற்காலியில் சாய்ந்து கிடக்கிற நாலு பேருக்கு மெல்லக் கிசுகிசுப்பது ஒரு வேலையா? பொங்கி வழியும் நடைமேடையில், எஞ்சின் ஊளையிட, குழந்தைகள் அலற, அத்தனைக்கும் மேலே ஏறி ஒரு தகவலைச் சொல்லி முடித்திருக்கிறாளா அந்த மகராசி? அந்த நாவல் எனக்குத்தான் என்று போனை வைத்த நிமிடமே முடிவு செய்தேன்.

என் வீட்டுக்காரர் உடனே எலி பிடிக்கக் கிளம்பிவிட்டார். அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பூட்டுத் தொழிற்சாலையில் தர ஆய்வாளராக இருந்தவர். பூட்டைக் கையில் வாங்குவார், இரண்டு முறை மேலும் கீழும் ஆட்டுவார், "ம்" என்பார் அல்லது "ம்ஹூம்" என்பார். அந்த "ம்ஹூம்" சத்தத்துக்கு முதலாளி தலைமறைவாகிவிடுவார் என்று சொல்வார்கள். சொல்வார்கள் என்றால் அவர்தான் சொல்வார். கனம் குறைந்த பூட்டு கையாலாகாத பூட்டு என்பது அவர் வேதம். அது பூட்டோடு நிற்கவில்லை. தர்பூசணி, செருப்பு, நாற்காலி, கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளையின் கைகுலுக்கல் எல்லாவற்றையும் கனம் பார்த்துத்தான் ஏற்றுக்கொள்வார். என்னைப் பெண் பார்க்க வந்தபோது காபித் தட்டை வாங்குகிற சாக்கில் தட்டையும் ஒரு தரம் ஆட்டிப் பார்த்தார். வேறு எதையும் ஆட்டிப் பார்க்க என் அப்பா விடவில்லை.

கட்டிலுக்கு அடியில் தேடி, அலமாரியை நகர்த்தி, கடைசியில் திருப்புளியின் முனையை என் பழைய கம்ப்யூட்டர்மேல் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார்.

"எலி இதுக்குள்ளதான் இருக்கு" என்றார். "உள்ள ஏதோ சுத்துது. சுத்துறது தேய்ஞ்சு போச்சு."

அது ஹார்ட் டிஸ்க். கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனோம். அந்தக் கடைக்காரம்மாவுக்கு எப்போதும் கையில் ஒரு தூரிகை இருக்கும். வருகிற இயந்திரத்தின் தூசியைத் தட்டிக்கொண்டே அதை வாய்விட்டுத் திட்டுவார். எங்களுடையதைத் திறந்ததும், "அடப் பாவி, இவ்வளவு அழுக்கையும் மூடி வச்சுக்கிட்டா ஓடிக்கிட்டிருந்தே?" என்று அதைக் கேட்டார். நாங்கள் இருவரும் தலை குனிந்தோம்.

"டிஸ்க் சாகப் போகுதுக்கா" என்றார் என்னிடம். "எஸ்.எஸ்.டி. மாத்திடுங்க. உள்ள சுத்துறது கிடையாது, சத்தம் கிடையாது. மெஷினும் துள்ளி ஓடும்."

"எங்ககிட்ட இருக்கறது ஜன்னல் திரைக்கு எடுத்து வச்ச பணம் மட்டும்தாம்மா. அதுக்குள்ள முடியணும்."

"தாராளமா முடியும். மெஷின் பழசு, அதனால ரொம்ப வேகமா ஓடற வகைக்குக் காசு குடுக்காதீங்க. இதுல அது உக்காரவே உக்காராது. பெரிய அளவும் வேண்டாம். பேர் தெரிஞ்ச கம்பெனியா, வாரண்டி அதிக வருஷம் தர்றதா, எவ்வளவு எழுதி அழிச்சாலும் தாங்கும்னு எழுதிக் குடுக்கறதா பாத்து, அதுல சின்னதா ஒண்ணு எடுங்க. அளவுல சிக்கனம் பண்ணுங்க, ஆள்ல பண்ணாதீங்க."

சொல்லிவிட்டு ஒரு சின்னத் தகட்டை மேசையில் வைத்தார். பிஸ்கட்டைவிடக் கொஞ்சம் பெரியது. என் வீட்டுக்காரர் அதைக் கையில் எடுத்தார். மேலும் கீழும் ஆட்டினார். காதோரம் வைத்துக் குலுக்கினார். முகம் மாறிவிட்டது.

"உள்ள ஏதாவது இருக்காம்மா?"

"இருக்கு சார்."

"காலி டப்பா மாதிரி இருக்கே."

"சார், இது சிப்பு. கனமே இருக்காது."

"ம்ஹூம்" என்றார்.

கடைக்காரம்மாவுக்கு அந்த "ம்ஹூம்" வரலாறு தெரியாது, பாவம். இன்னொரு கம்பெனித் தகட்டை எடுத்து வைத்தார். அதுவும் "ம்ஹூம்". அதற்கும் மேல் விலையில் ஒன்று. அதை ஆட்டியபோது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "விலை ஏற ஏற கனம் குறையுதே, இது என்ன வியாபாரம்?" என்று என்னைப் பார்த்தார். ஏதோ நான்தான் உள்ளே இருந்ததை வழித்துத் தின்றுவிட்டேன் என்பதுபோல. யோசித்துச் சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டோம். கடைக்காரம்மா எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே தராசு ஏதும் வாங்கி வைக்கலாமா என்று யோசித்திருப்பார்.

மாடியில் இருப்பவள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் தங்கை. கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவள். சந்தையில் பேரம் பேச ஆரம்பித்தால் கடைக்காரர் பொருளோடு பையையும் கொடுத்து, தன் குடையையும் கொடுத்து அனுப்புவார். விஷயத்தைக் கேட்டதும் படியிறங்கி வந்தாள்.

"என்ன அண்ணி, என்கிட்ட கேக்காம கடைக்கெல்லாம் போயிருக்கீங்க? நான் போன மாசமே ஆன்லைன்ல ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன். கடைக்காரி சொன்னதைவிடப் பத்து மடங்கு பெருசு. விலையோ, ஒரு சட்டைத் துணி விலை!"

"யாரு கம்பெனி?" என்றேன்.

"பேர் வாயில நுழையல. பேரா முக்கியம்? எவ்வளவு கொள்ளும்னு போட்டிருக்கான் பாருங்க. ஊர்ல இருக்கற அத்தனை பேர் கல்யாண வீடியோவையும் போடலாம்."

"அப்படி ஒரு தண்டனை நமக்கு எதுக்கு?"

இதற்குள் என் வீட்டுக்காரர் அதைக் கையில் வாங்கிவிட்டார். மேலே, கீழே. மறுபடி மேலே, கீழே. அவர் முகத்தில் பரவிய சாந்தத்தை எங்கள் கல்யாணப் போட்டோவில்கூட நான் பார்த்ததில்லை.

"ம்" என்றார்.

"என்ன அண்ணே, எப்படி?"

"இதுதான் பொருள். கையில வச்சா தெரியுதுல்ல? பொறுப்பா இருக்கு."

"கடைக்காரம்மா ஆள்ல சிக்கனம் பண்ணாதீங்கன்னாங்களே" என்றேன்.

"அவங்க விக்கறவங்க. நான் பாக்கறவன்" என்றார். இந்த வசனத்தைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் தானே ரசித்துக்கொண்டு நின்றார்.

எனக்கு வெள்ளிக்கிழமை கண்ணெதிரே நின்றது. சரி என்றேன். நாத்தனார் செல்போனில் வீடியோ பார்த்துக் கட்டளையிட, அண்ணன் திருகாணிகளைக் கழற்ற, அண்ணனும் தங்கையும் சேர்ந்து ஓர் இதய அறுவை சிகிச்சையே நடத்தினார்கள். கம்ப்யூட்டர் ஓடுவதற்கு வேண்டியதை மட்டும் புதியதில் ஏற்றினார்கள். நான் பொத்தானை அமுக்கினேன்.

சத்தமே இல்லை. அப்படி ஓர் அமைதியை அந்த அறை பார்த்ததில்லை. சுவரில் நடந்த எறும்பின் காலடி எனக்குக் கேட்டது, சத்தியமாகக் கேட்டது.

மறுநாள் மத்தியானம், தெரு சாப்பிட்டுவிட்டு அசந்திருந்த வேளையில், ஜன்னலுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டு, மைக் முன்னால் உட்கார்ந்து அத்தியாயம் முழுவதையும் படித்தேன். கதாநாயகி அழுத இடத்தில் நானே புடவைத் தலைப்பைத் தேடினேன். ஒரே ஓர் இடத்தில்தான் பழக்கதோஷம். "அவன் வந்துகொண்டிருக்கிறான்" என்ற வரியை நடைமேடை எண் சொல்லப்போகிற தோரணையில் படித்துவிட்டேன். அதைத் திருத்தினேன். கேட்டுப் பார்த்தேன். எலி இல்லை, கடலை இல்லை, விமான நிலையத்துக்காரிக்கு வழியும் இல்லை. காலையில் அனுப்பிக்கொள்ளலாம் என்று எழுந்து வந்தேன்.

என் வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இவ்வளவு கனமான பொருள் இருக்கிறது, அதில் ஒரே ஓர் அத்தியாயமா என்று அவருக்கு மனசு கேட்கவில்லை. நான் மாடியில் நாத்தனாரோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் பழைய ஹார்ட் டிஸ்க்கை ஒரு கம்பியில் மாட்டி, வீட்டுப் போட்டோ, கல்யாண வீடியோ, பேரன் தவழ்ந்தது, நடந்தது, விழுந்தது எல்லாவற்றையும் புதியதில் நகல் எடுத்து அடுக்கிவிட்டார். எனக்கு உதவி செய்கிறாராம்.

காலையில் கம்ப்யூட்டர் எழுந்திருக்கவில்லை. அமுக்கினேன், தட்டினேன், "கனிவான கவனத்திற்கு" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். கறுப்புத் திரையில் ஏதோ ஒரு வரி வந்து நின்றது. அவ்வளவுதான். நாள், வியாழக்கிழமை.

மறுபடி தூக்கிக்கொண்டு ஓடினோம். நாத்தனாரும் கூடவே வந்தாள், தன் பொருளுக்கு வக்கீலாக. கடைக்காரம்மா அதைத் தன் மெஷினில் மாட்டிப் பார்த்தார். தூரிகை பாதியில் நின்றது.

"இதை எங்க வாங்குனீங்க?"

"ஏன், என்ன கொறை?" என்றாள் நாத்தனார்.

"கொறை ஒண்ணுமில்லம்மா, பொய் மட்டும்தான். இது சொல்ற அளவுல நூத்துல ஒரு பங்குதான் உள்ள இருக்கு. அது நெறஞ்சதும் இடமில்லைன்னு சொல்லாது. முன்னாடி எழுதினது மேலயே எழுதிக்கிட்டுப் போகும். நேத்து இதுல நெறைய எதாவது ஏத்துனீங்களா?"

நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் கூரையில் இருந்த மின்விசிறியை ஆய்வு செய்துகொண்டிருந்தார்.

"பேரன் விழுந்தது எம்மேலதானா?" என்றேன். "என் கதாநாயகி மேலயா நடக்க விட்டீங்க?"

"நகல்தாம்மா எடுத்தேன். போட்டோவெல்லாம் பழசுல பத்திரமா இருக்கு."

"என் அத்தியாயம்?"

கடைக்காரம்மா உதட்டைப் பிதுக்கினார். என் அத்தியாயம் இருந்த இடத்தில் இப்போது யாரோ தூரத்துச் சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கேலியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. மைக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்த ஒரு மத்தியானம், ஓய்வு பெற்றதிலிருந்து முதல்முறையாக நான் வேலைக்குப் போனது மாதிரி இருந்தது. அதைப் போய் அழித்துவிட்டார்களே.

என் முகத்தைப் பார்த்ததும் என் வீட்டுக்காரர் மின்விசிறி ஆய்வை விட்டுவிட்டார். சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். பையில் பேனா இல்லாமல் போவார், திருப்புளி இல்லாமல் போகமாட்டார். அந்தக் கனமான பெட்டியை அங்கேயே நெம்பித் திறந்தார். உள்ளே, மூலையில், நகத்தளவு ஒரு சின்ன அட்டை. நடுவில் பசை போட்டு ஒட்டியிருந்தது ஓர் இரும்பு நட்டு. கனத்துக்காக.

அவர் நட்டைப் பிய்த்து எடுத்தார். உள்ளங்கையில் வைத்து மேலும் கீழும் ஆட்டினார்.

"நட்டு நல்ல நட்டு" என்றார், மெதுவாக.

கடைக்காரம்மா தூரிகையால் வாயை மறைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். நாத்தனார் முதலில் சிரித்தாள். பிறகு அது தன் காசு என்று ஞாபகம் வந்து நிறுத்தினாள். நான்? அழலாம் என்று இருந்தவள், சிரித்துத் தொலைத்தேன்.

"சிரிக்காதீங்க அண்ணி, நான் பணத்தைத் திரும்ப வாங்கறேனா இல்லையா பாருங்க" என்று நாத்தனார் செல்போனை எடுத்தாள். விற்றவன் கடையே அதில் இல்லை. காற்றில் கரைந்திருந்தான்.

"முதல்ல காட்டுனீங்களே, காலி டப்பா" என்றேன் கடைக்காரம்மாவிடம். "அதையே குடுங்க. சின்னது போதும். நான் வைக்கப் போறது ஒரு புத்தகம், உலகம் இல்ல."

அவர் எடுத்து வைத்தார். மாட்டப் போகும்போது என் வீட்டுக்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"இருங்க. இதுவும் சொல்ற அளவு உள்ள இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"சார், இது நல்ல கம்பெனி."

"என் பூட்டுக் கம்பெனியும் நல்ல கம்பெனிதாம்மா. ஆனா ஒரு பூட்டையும் திறந்து மூடிப் பாக்காம வெளிய விட்டதில்ல. முழுசா நெரப்புங்க. நெரப்புனதைத் திரும்பப் படிச்சுக் காட்டுங்க. அப்பறம் மாட்டலாம்."

கடைக்காரம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதுக்கு ஒரு புரோகிராம் இருக்கு சார். போட்டா மத்தியானம் ஆகும்."

"ஆகட்டும்."

"இதை அந்த இரும்புக்கும் பண்ணியிருக்கலாமே?" என்றேன்.

"அது கனமா இருந்துச்சு" என்றார். "கனமா இருந்தா மனுசன் சோதிக்க மறந்துடறான்."

கடையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் திரையில் எவ்வளவு எழுதியாயிற்று என்று காட்டுகிற பட்டை நிறைவதை, பால் பொங்குவதைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுதி முடித்து, படித்து முடித்து, எல்லாம் சரி என்று பச்சையாக வந்தது. "ம்" என்றார். எடுத்து ஆட்டிப் பார்க்கக் கை போனது. நான் பார்த்துக்கொண்டிருந்ததால் தலையைச் சொறிந்துகொண்டார்.

சின்னதாக வாங்கியதால் திரைப் பணத்தில் மிச்சம் இருந்தது. அதில் அவராகவே ஒரு பென் டிரைவ் வாங்கினார்.

"இது எதுக்குங்க?"

"ஒரே சாவியோட எந்தப் பூட்டும் எங்க கேட்டைத் தாண்டினதில்ல. படிக்கறதை இதுலயும் ஒண்ணு போட்டு இவகிட்ட மாடியில குடுத்துடு."

"வாடகை உண்டு" என்றாள் நாத்தனார். பென் டிரைவ் அவ்வளவு விலையா என்று கேட்டு, கடைக்காரம்மாவிடம் ஒரு தூரிகையை இலவசமாக வாங்கிக்கொண்டுதான் படியிறங்கினாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மறுபடி கம்பளியைத் தொங்கவிட்டேன். அவரைக் கதவுக்கு வெளியே உட்காரவைத்து, யாரையும் விடக்கூடாது, அவரே அவரை விடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் படித்தேன். முதல் தடவையைவிட நன்றாக வந்தது. உண்மையாகவே, இதில் நான் ஒரு சொட்டுகூட மிகைப்படுத்தவில்லை. பென் டிரைவில் ஒன்று ஏற்றினேன், நூலகத்துக்கு ஒன்று அனுப்பினேன், நகத்தைக் கடித்தேன்.

சாயங்காலம் அதிகாரி கூப்பிட்டார். "எலி போயிடுச்சும்மா. சுத்தமா இருக்கு. ஒரே ஒரு சந்தேகம். கதாநாயகி அழுற இடத்துல யாரோ மூக்கை உறிஞ்சுறாங்க. ஆம்பளை மூக்கு மாதிரி இருக்கு."

நான் திரும்பிப் பார்த்தேன். "தூசி" என்றார் என் வீட்டுக்காரர்.

"இவ்வளவு மெல்லிசா மூக்கு உறிஞ்சறதைக்கூடப் பிடிக்கிற அளவுக்கு அறை அமைதியா இருக்கும்மா" என்றார் அதிகாரி. "அந்த ஒரு இடத்தை மட்டும் நாங்க வெட்டிக்கறோம். நாவலை நாளைக்கே அனுப்பிடறேன்."

விமான நிலையத்துக்காரிக்காக ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், வருத்தப்பட்டேன்.

மறுநாள் பார்சல் வந்தது. வாசலில் கையெழுத்துப் போட்டு வாங்கியவர் அவர்தான். பிரிக்கவில்லை. அங்கேயே நின்று, இரண்டு கையாலும் மேலும் கீழும் ஆட்டினார். நாவல் செங்கல் கனம். அவர் முகத்தில் அந்தப் பழைய சாந்தம் பரவ ஆரம்பித்தது.

"ம்" என்றார். "நம்பிப் படிக்கலாம்."

"குடுங்க இப்படி" என்று கத்தரிக்கோலை எடுத்தேன். "முதல்ல உள்ள நட்டு இருக்கான்னு பாத்துடுவோம்."